முதல் வெட்டு

எங்கள் ஊரில் ஆறு வருஷம் யாரும் கடுகு தாளிக்கவில்லை.

பஞ்சமா என்றால் இல்லை. கடுகும் கிடைத்தது, கடலெண்ணெயும் கிடைத்தது. தாளிக்க மட்டும் கூடாது. காரணம் கேட்டால் ஊர்க்காரர்கள் மாரியம்மனைக் காட்டுவார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆத்தாள் பதினைந்து நாள்தான் தாளிக்க வேண்டாம் என்றாள். மீதியெல்லாம் சர்க்கார் செய்த வேலை. தாளிக்காத பருப்பை ஆறு வருஷம் தின்ற நாக்கு இது. கொஞ்சம் முன்னே பின்னே பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊர் பூளக்காட்டுப்பாளையம். வெள்ளகோவிலுக்கு மேற்கே நாலு மைல். நூற்றுப் பத்து வீடு, எண்பது குழித்தறி. தறி இல்லாத வீட்டு இளவட்டங்கள் காலை பஸ்ஸில் திருப்பூர் போய்ப் பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பார்கள். எங்கள் பக்கம் காடு என்றால் சோளக்காடு, கம்மங்காடு. மரங்கள் அடர்ந்த நிஜக் காட்டைப் பார்க்க வேண்டுமானால் நாற்பது மைலாவது போக வேண்டும்.

அப்படிப்பட்ட ஊருக்கு 1957-இல் வன இலாகாவின் ரேஞ்சு ஆபீஸ் வந்தது. திறப்பு விழாவில் ரேஞ்சர் பேசியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"காடு இருக்கிற இடத்தில் ஆபீஸ் வைத்தால் காட்டைக் காப்பாற்றுவதிலேயே பொழுது போய்விடுகிறது. நிர்வாகம் கெட்டுப் போகிறது. இங்கே அந்தத் தொந்தரவு கிடையாது. இந்த ரேஞ்சில் இன்றுவரை ஒரு மரமாவது திருடு போயிருக்கிறதா? இல்லை. இந்தச் சாதனையை எந்த மலை ரேஞ்சாவது காட்டட்டும், பார்க்கலாம்."

கைதட்டினோம். எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனாலும் ஆபீஸ் என்று ஒன்று இருந்தால் காடு என்று ஒன்று வேண்டாமா? ஓடைப் புறம்போக்கில் பதினேழு மரங்கள் நின்றன. அவற்றைப் பாதுகாக்கப்பட்ட வனம் என்று கெஜட்டில் போட்டுவிட்டார்கள். கெஜட்டை எங்கள் ஊரில் யாரும் வாங்குவதில்லை. ஆகையால் ஓடைக்கரையில் வனம் வந்திருக்கிற சேதி ஊருக்குத் தெரியாது.

இப்போது கம்பம் பற்றிச் சொல்ல வேண்டும். பங்குனியில் எங்கள் மாரியம்மனுக்கு நோன்பு சாட்டுவார்கள், அதாவது நோன்பு தொடங்கியதாக ஊருக்கு அறிவிப்பார்கள். சாட்டுகிற செவ்வாய்க்கிழமை காலை, ஓடைக்கரை அத்தியில் மூன்று கவையாகப் பிரிகிற கிளையாகப் பார்த்து வெட்டிக் கோயில் முன்னால் நடுவார்கள். அதுதான் கம்பம். அது ஆத்தாளுக்குப் புருஷன். பதினைந்து நாள் காலையில் பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள், சாயங்காலம் ஆண்கள் கொட்டடித்துச் சுற்றி ஆடுவார்கள். கடைசி நாள் கம்பத்தைப் பிடுங்கி ஊர்க் கிணற்றில் போடுவார்கள். அதுவரை ஊரில் கல்யாணம் கூடாது, வெளியூரில் ராத்தங்கக் கூடாது, தாளிக்கக் கூடாது.

கம்பத்துக்கு முதல் வெட்டு வெட்டுவது ஒரு குடும்பத்து உரிமை. முதல் வெட்டு விழுந்துவிட்டால் பிறகு யார் வேண்டுமானாலும் வெட்டலாம். அந்தக் குடும்பம் சாமியப்பன் குடும்பம். அவருடைய பங்காளி காளியண்ணன் அதை ஒத்துக்கொள்வதில்லை. இரண்டு பேருடைய தாத்தன்மாரும் அண்ணன் தம்பி. மூத்தவர் யார் என்று இரண்டு தலைமுறையாகச் சண்டை. இதற்காகச் சாவு வீட்டுக்குக்கூட ஒருவர் வந்தால் மற்றவர் வரமாட்டார்.

சாமியப்பன் வம்பு தும்புக்குப் போகாத நெசவாளி, எனக்குப் பக்கத்து வீடு. தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் பொழுது சாய்ந்துதான் எழுந்திருப்பார். பழனிக்குக் காவடி எடுப்பார். ஒரே மகள் முத்தாத்தாள், பதினெட்டு வயசு. மண்ணரையில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்த ஆறுமுகசாமிக்கு நிச்சயம் பண்ணி, நோன்பு முடிந்ததும் வைகாசியில் கல்யாணம் என்று நாள் குறித்திருந்தார்கள்.

1958 பங்குனி. சாட்டுகிற செவ்வாய் காலை ஓடைக்கரையில் சாமியப்பன் கோடாலியை ஓங்கி முதல் வெட்டு வெட்டினார். காளியண்ணன் பாய்ந்து பிடுங்கி இரண்டாம் வெட்டை வெட்டினார். கிளை சாய்ந்து, தோளில் ஏற்றி, கொட்டோடு புறப்பட்டபோது வன இலாகாக் காவல்காரர் நல்லான் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"நில்லுங்க. இது பாதுகாக்கப்பட்ட வனம். ஆரு வெட்டுனது?"

வேறு ஊராக இருந்தால் எல்லோரும் வானத்தைப் பார்த்திருப்பார்கள். எங்கள் ஊரில் இரண்டு பேர் முன்னால் வந்தார்கள்.

"நாந்தானுங்க," என்றார் சாமியப்பன்.

"பொய்யிங்க, நாந்தானுங்க. என்ற பேர எழுதுங்க," என்றார் காளியண்ணன்.

நல்லான் முதலில் சொன்னவர் பேரை எழுதிக் கையெழுத்து வாங்கினார். வாக்குமூலத்தில் கையெழுத்து விழுந்த பிறகுதான் சரக்கைக் கைப்பற்றலாம் என்பது அவர்கள் விதி. மூன்றே நிமிஷத்தில் எழுதி முடித்துக் கம்பத்தைக் கைப்பற்றி ரேஞ்சு ஆபீஸ் வளாகத்தில் போட்டார். கம்பம் மண்ணில் படுத்துக் கிடந்ததைப் பார்த்துப் பூசாரி வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டார்.

"ஏனுங்க சாமி, கம்பம் படுக்கப்படாதுங்க. பொளுது சாயறதுக்குள்ள நட்டாகோணுமுங்க."

ரேஞ்சர் யோசித்தார். "ஊன்றி வைத்தால் உருண்டு போகாது. காவலுக்கும் சுலபம். ஊன்றுங்கள்," என்றார். ஆபீஸ் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் குழி தோண்டி நட்டோம். மறுநாள் காலை பெண்கள் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு வந்தார்கள். ரேஞ்சர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "சாட்சிப் பொருளை எரிக்கக் கூடாது, அறுக்கக் கூடாது, விற்கக் கூடாது என்று இருக்கிறது. நனைக்கக் கூடாது என்று இல்லை. ஊற்றுங்கள்."

பத்தாம் நாள் விசாரணை. மாஜிஸ்திரேட் கேட்டார்: "குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா?"

"குத்தமெல்லாம் இல்லீங்க எசமான். எங்க பாட்டன் காலத்து உரிமைங்க. வெட்டுனது நாந்தானுங்க."

கூட்டத்திலிருந்து காளியண்ணன் துள்ளி எழுந்தார். "எசமான், அவன் வாயத் தொறந்தா பொய்யிங்க. வெட்டுனது நானுங்க. எனக்குத் தண்டனை குடுங்க!"

"நீங்க ரெண்டாவதுதானே வெட்டுனீங்க? முருகன் மேல சத்தியம் பண்ணுங்க பாக்கலாம்!" என்று சாமியப்பன் கூண்டிலிருந்தே கேட்டார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான். முத்தாத்தாள் பின்னால் நின்று, "அப்பா, போதுமுங்க, சும்மா இருங்க," என்று கெஞ்சினாள்.

மாஜிஸ்திரேட் மேஜையைத் தட்டினார். "இருபத்திரண்டு வருஷமாகத் தீர்ப்புச் சொல்கிறேன். குற்றம் எனக்கு, உனக்கு என்று இரண்டு பேர் அடித்துக்கொண்டு பார்த்ததில்லை. உண்மை எது என்று கண்டுபிடிக்க இந்தக் கோர்ட்டுக்கு அவகாசம் கிடையாது. இந்தக் கோர்ட்டுக்கு வேண்டியது ஒரு குற்றவாளி. இரண்டு பேர் என்றால் படிவத்தில் இடமில்லை."

சாமியப்பன்தான் முதல் வெட்டு வெட்டியவர் என்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபணமாகிறது என்று தீர்ப்பு எழுதினார். ஐம்பது ரூபாய் அபராதம். சாமியப்பன் அதை அங்கேயே சந்தோஷமாகக் கட்டினார். இரண்டு தலைமுறைச் சண்டைக்கு சர்க்கார் முத்திரையோடு முடிவு கிடைத்துவிட்டதே! தீர்ப்பின் நகலை வாங்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டுப் பழனியாண்டவர் படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினார். காளியண்ணன் ஒரு வாரம் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. குற்றவாளியானதற்குச் சந்தோஷப்பட்ட மனிதன் இந்த ஜில்லாவிலேயே சாமியப்பன் ஒருவராகத்தான் இருப்பார்.

சந்தோஷம் ஐந்து நாள் இருந்தது. பதினைந்தாம் நாள் கம்பத்தைப் பிடுங்க ஊரே கொட்டோடு ரேஞ்சு ஆபீசுக்குப் போனது. ரேஞ்சர் கதவருகே நின்றார்.

"இது சொத்து எண் ஒன்று. குற்றம் நிரூபணமாகி சர்க்காருக்குப் பறிமுதலாகிவிட்டது."

"எங்க ஆத்தா கம்பமுங்க. கெணத்துல போடோணுமுங்க," என்றார் சாமியப்பன்.

"சர்க்கார் சொத்தைக் கிணற்றில் போடுவதா? வேண்டுமானால் அப்பீல் செய். தண்டனை ரத்தானால் சொத்து திரும்பி வரும். அதற்குத்தானே மேல்கோர்ட்டு இருக்கிறது?"

"சரிங்க," என்றார் சாமியப்பன். அதற்குப் பிறகு ஆறு வருஷம் அவர் வாயில் அதிகம் வந்த சொல் அதுதான்.

வேறு கம்பம் வெட்டினால் என்ன என்று சிலர் கேட்டார்கள். பூசாரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஒரு புருசன் கச்சேரியில கைதியா நிக்கறப்ப ஆத்தாளுக்கு இன்னொரு புருசன நடறதா? உங்க ஊட்டுப் பொம்பளைங்களுக்கு அப்படிப் பண்ணுவீங்களா?" சாமி தலையில் பூ வைத்து உத்தரவு கேட்டுப் பார்த்தோம். பூ விழவே இல்லை. ஆத்தாளும் தீர்ப்புக்காகக் காத்திருந்தாள் போலிருக்கிறது.

ஆக, நோன்பு முடியவில்லை. முத்தாத்தாள் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டார்கள். அவளோடு ஊரில் இன்னும் பதினோரு கல்யாணம் நின்றது. பனியன் கம்பெனி இளவட்டங்கள் நைட் ஷிப்டு பார்க்க முடியாமல் ஓட்டமும் நடையுமாகக் கடைசி பஸ்ஸைப் பிடித்தார்கள். தாளிப்புப் போயிற்று என்பதை முன்னமே சொன்னேன். ஒருமுறை சொன்னால் போதாது, அதனால் மறுபடியும் சொல்கிறேன்.

அப்பீல் கோயமுத்தூரில். வக்கீல் ஒருவரைப் பிடித்தார்கள். காலை பஸ் ஏறினால் பதினோரு மணிக்குக் கோர்ட்டு வாசல். சாமியப்பன் வராந்தாவில் குந்தியிருப்பார். அவருடைய கேஸ் எப்போதும் பட்டியலில் கடைசி. நாலு மணிக்கு அவர் எழுந்தாக வேண்டும். இல்லாவிட்டால் பொழுதோடு ஊர் வந்து சேர முடியாது, ராத்தங்கல் குற்றமாகிவிடும். அவர் பஸ் ஏறிய பிறகு நாலே முக்காலுக்கு டவாலி அவர் பேரை மூன்று தரம் கூப்பிடுவான். 'அப்பீல்தாரர் ஆஜராகவில்லை' என்று எழுதி வாய்தா போடுவார்கள். இப்படிப் பத்தொன்பது வாய்தா.

ஒருதரம் வக்கீல் எழுந்து, என் கட்சிக்காரர் நோன்பில் இருப்பதால் கேஸை மத்தியானமே எடுக்க வேண்டும் என்று கேட்டார். நீதிபதி, "நோன்பு எப்போது முடியும்?" என்றார். "இந்தக் கேஸ் முடிந்தால் முடியும், மை லார்ட்." "அப்படியானால் நோன்பு முடிந்த பிறகு வரச் சொல்லுங்கள்," என்று அடுத்த கேஸைக் கூப்பிட்டார். வக்கீல் இதைச் சொன்னபோது சாமியப்பன் எங்களைப் பார்த்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தோம். "சரிங்க," என்றார். தறிக்குழியில் நாள் முழுக்க உட்கார்ந்தால் கால் மரத்துப்போகும். அவருக்கு அது மெல்ல மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. அவரைச் சொல்வானேன், ஊரே அப்படித்தான் ஆகிவிட்டது. மூன்றாம் வருஷம் யாரும் கல்யாணப் பேச்சு எடுக்கவில்லை. நாலாம் வருஷம் பருப்பு சப்பென்று இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

ஆத்தாளின் புருஷன் மட்டும் சும்மா இருக்கவில்லை. அத்தி பால்மரம். தினமும் காலையில் நாற்பது குடம் மஞ்சள் தண்ணீர். இரண்டாம் மாசமே மூன்று கவையிலும் தளிர் விட்டது.

மூன்று மாசத்துக்கு ஒருமுறை சாட்சிப் பொருளை அளந்து கோர்ட்டுக்கு எழுத வேண்டும். நல்லான் அளந்தார். ஏழடி என்று கைப்பற்றியது எட்டடி ஆகியிருந்தது. அடுத்து ஒன்பதே கால். கோர்ட்டிலிருந்து ரேஞ்சருக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. ரேஞ்சர் நல்லானைக் கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்தார்.

"சாட்சிப் பொருள் குறைந்தால் திருட்டு. உன் சம்பளத்தில் பிடித்துவிடுவேன். கூடினால் நான் என்னய்யா செய்வது? ரிஜிஸ்தரில் அதற்குப் பத்தி இல்லையே!"

"நாப் பண்ணுலீங்க. அதுவா வளருதுங்க."

"வளருவதற்கு யார் உத்தரவு கொடுத்தது?"

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஏழடிக்கு மேலே உள்ளதை அளக்க வேண்டாம் என்று முடிவாயிற்று. பதினெட்டடி வளர்ந்து கொடிக்கம்பத்தைத் தாண்டிய பிறகும் 'ஏழு அடி, மாற்றமில்லை' என்று நல்லான் எழுதிக்கொண்டிருந்தார்.

ஆறாம் வருஷம் வனமகோத்சவம். ஒவ்வொரு ஆடியிலும் கன்று நடுவார்கள், ஆவணியில் காய்ந்துவிடும், மறு ஆடியில் அதே குழியில் நடுவார்கள். குழி மட்டும் வருஷா வருஷம் நன்றாக இருக்கும். அந்த வருஷம் பார்வையிடப் பெரிய அதிகாரி ஜீப்பில் வந்தார். வளாகத்தில் பச்சையாக நின்றது ஒரே ஒரு மரம். அதன் நிழலில் நாற்காலி போட்டார்கள். அதிகாரி அண்ணாந்து பார்த்துக் கண் கலங்கினார்.

"இந்த ரேஞ்சில் இதுவரை முப்பத்தாறாயிரம் கன்றுகள் நட்டிருக்கிறோம். பைலில் ஒன்றுகூடச் சாகவில்லை. நேரில் வந்து பார்த்தால்தான் சில சமயம் மனசு சங்கடப்படுகிறது. அதனால் நான் நேரில் வருவதில்லை. இன்று வந்ததற்குப் பலன் கிடைத்தது. வறண்ட பூமியில் இலாகா தன் கையால் நட்டு, நீர் ஊற்றி, கண்ணும் கருத்துமாக வளர்த்த இந்த மரம் ஒன்று போதும். ஜனங்கள் மரத்தை வெட்டுகிறார்கள். நாம் வளர்க்கிறோம். இதுதான் நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசம்."

சாமியப்பனும் முத்தாத்தாளும் கூட்டத்தின் ஓரத்தில் நின்றார்கள். காலையில் தண்ணீர் ஊற்றிய குடம் அவள் இடுப்பில் இருந்தது. ரேஞ்சருக்கு நற்சான்றிதழ் கொடுத்தார்கள். 'வன இலாகா வளர்த்த மரம். தொடாதீர்கள்' என்று தகரப் பலகை எழுதி மரத்திலேயே ஆணியடித்தார்கள். பூசாரி காதைப் பொத்திக்கொண்டார்.

அந்த வருஷம் கார்த்திகையில் ஆறுமுகசாமி வந்தான். நல்ல பையன். ஆறு வருஷத்தில் வேறு பெண் பார்க்க அவன் சம்மதிக்கவில்லை. ஆனால் அவன் அம்மாவுக்கு மூச்சிழுப்பு முற்றிவிட்டது.

"மாமா, அம்மா அருள்புரத்துல ஒரு புள்ளயப் பேசி வெச்சிருக்குதுங்க. மாசிக்குள்ள இங்க ஆகலீன்னா அங்க தாலி கட்டோணும்னு என்ற தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கிருச்சுங்க. நா என்ன பண்ணட்டுமுங்க?"

சாமியப்பன் தறியை நிறுத்தவில்லை. முத்தாத்தாள் சமையல்கட்டு வாசலில் நின்றாள். அவளுக்கு இருபத்து நாலு. அழுவாள் என்று பார்த்தேன். "காப்பி ஆறிருச்சுங்க, குடிங்க," என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டு எனக்குத்தான் அழுகை வந்தது.

மறுநாள் சாமியப்பன் வக்கீலிடம் போனார். வக்கீல் நாலு வருஷமாகச் சொன்னதையே சொன்னார்: "ஒரே வழிதான் இருக்கு. நீர் வெட்டலேன்னு சொல்லணும். பயத்துல ஒத்துக்கிட்டேன்னு அபிடவிட் போட்டா ஆள் வராமலே முடிச்சுடலாம். மரம் திரும்பி வரும்."

"நா வெட்டலீன்னா அப்பறம் ஆருங்க வெட்டுனது?"

"அது யாராவது வெட்டிட்டுப் போறான். உமக்கென்ன?"

உமக்கென்ன! பாட்டனும் அப்பனும் வாழ்ந்ததற்கு மிஞ்சியிருந்த ஒரே பெருமை அது. கையெழுத்துப் போடுகிற இடத்தை வக்கீல் குமாஸ்தா விரலால் காட்டினார். "சரிங்க," என்று சாமியப்பன் போட்டார். வீட்டுக்கு வந்து, கண்ணாடிச் சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றித் தறிக்கு அடியில் வைத்தார். ஆணி மட்டும் சுவரில் நின்றது. அன்று அவர் சாப்பிடவில்லை. அவர் மனைவி மருதம்மாள் சோற்றுத் தட்டை மூடி வைத்தாள்.

மாசி பிறந்து தீர்ப்பு வந்தது. சாமியப்பன் வெட்டவில்லை, யார் வெட்டியது என்பது தெரியவில்லை, தண்டனை ரத்து, அபராதம் வாபஸ், சொத்து எண் ஒன்றை ஏழு நாளுக்குள் அவரிடம் ஒப்படைக்க வேண்டும், ஏழு நாளில் எடுத்துக்கொள்ளாவிட்டால் சர்க்காருக்குச் சேரும். காளியண்ணன் கோயில் முன்னால் தேங்காய் உடைத்தார். "சர்க்காரே சொல்லிப்போட்டுது, அவன் வெட்டலைன்னு. இனி உரிமை எனக்குத்தான்!"

ஊர் கொட்டோடு ரேஞ்சு ஆபீசுக்குப் போனது. ரேஞ்சர் தீர்ப்பை இரண்டு தரம் படித்தார்.

"சொத்து எண் ஒன்று, ஏழடி, இலை கிடையாது. எங்கே இருக்கிறது, காட்டு. இங்கே நிற்பது பதினெட்டடி, இலை உண்டு, வேர் உண்டு. இது இலாகா வளர்த்த மரம். பலகையைப் படி. உன் கம்பத்தைத் தாராளமாக எடுத்துக்கொண்டு போ. எனக்கு ஆட்சேபணை இல்லை. மரத்தை மட்டும் தொடாதே."

"மரத்த வெட்டாம கம்பத்த எப்படீங்க எடுக்கறது?"

"வெட்ட அனுமதி கேட்டு எழுதிக் கொடு. மெட்ராசுக்கு அனுப்புகிறேன். தொண்ணூறு நாளில் பதில் வரும். அவசரமாக இருந்தால் நூற்றிருபது நாள்."

"சரிங்க," என்றார் சாமியப்பன். நானே அவர் வாயை அடைத்திருப்பேன்.

ஆறு நாள் போயிற்று. ஏழாம் நாள் காலை ரேஞ்சர் காடு வளர்ப்பு மீட்டிங்குக்குக் கோயமுத்தூர் போயிருந்தார். நல்லான் மட்டும் ஆபீசில். பூசாரி ஊரைக் கூட்டிச் சொன்னார்: "இன்னிக்கு உட்டா என்னிக்கும் இல்ல. உரிமைக்காரர் வந்து மொத வெட்டு வெட்டட்டும்." எல்லோரும் காளியண்ணனைத் தேடினார்கள். காளியண்ணனுக்குக் காய்ச்சல் என்று வீட்டிலிருந்து சேதி வந்தது. கம்பளி போர்த்திப் படுத்திருக்கிறாராம். உரிமை வந்து ஏழு நாள் ஆவதற்குள் காய்ச்சலும் வந்துவிட்டது பாருங்கள்!

சாமியப்பன் கோடாலியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் வெட்டவில்லை என்று எழுதிக் கொடுத்த கை அது. ஓங்கப் பார்த்தார், தோள் எழவில்லை. "முடியலீங்க," என்று மெல்லச் சொன்னார்.

முத்தாத்தாள் குடத்தைக் கீழே வைத்தாள். "குடுங்கப்பா," என்றாள்.

"பொம்பளப்புள்ள வெட்டறதா?" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"ஆறு வருசமாத் தண்ணி ஊத்துனது பொம்பளதானுங்களே," என்றாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தகரப் பலகைக்கு ஒரு சாண் மேலே ஓங்கி ஒரு வெட்டு வெட்டினாள். பால் தெறித்து அவள் முகத்தில் அடித்தது. பிறகு இளவட்டங்கள் பாய்ந்தார்கள். ஆறுமுகசாமி முதல் ஆளாய்ச் சட்டையைக் கழற்றினான். மரம் சாய்ந்தது. கிளை கழித்து மூன்று கவையாக்கித் தோளில் ஏற்றினார்கள்.

நல்லான் வாக்குமூலப் புத்தகத்தோடு வந்து நின்றார். கொட்டு நின்றது. ஊர்க்கிணறு அங்கிருந்து முக்கால் மைல்.

"ஆரு வெட்டுனது?" என்றார்.

"நா..." என்று சாமியப்பன் வாயெடுத்தார்.

"நாந்தானுங்க. மொத வெட்டு நாந்தானுங்க. எழுதுங்க," என்றாள் முத்தாத்தாள்.

நல்லான் அவளைப் பார்த்தார். தோளில் இருந்த கம்பத்தைப் பார்த்தார். அவரும் ஆறு வருஷமாக எங்கள் ஊர்ச் சாப்பாடுதான் சாப்பிடுகிறார். நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்து, புத்தகத்தை மடியில் விரித்தார். "வாக்குமூலத்துல கையெழுத்து விழற வரைக்கும் சரக்க நாங் கைப்பத்தறதுக்கு இல்ல. அது விதி," என்று பொதுவாகச் சொன்னார். பூசாரி அதைப் புரிந்துகொண்டு கையைக் காட்டினார். கம்பம் நகர்ந்தது. கொட்டு மறுபடி எழுந்தது.

"பேரு?"

"முத்தாத்தாளுங்க."

மூன்று நிமிஷத்தில் முழு வாக்குமூலமும் எழுதிய அதே நல்லான் எழுத்துக் கூட்டி எழுதினார். ஒரு எழுத்தை அடித்துத் திருத்தினார்.

"அப்பா பேரு?"

"சாமியப்பனுங்க."

பேனாவில் மை தீர்ந்துவிட்டது. உள்ளே போய் மைக்கூட்டை எடுத்து வந்தார். அதில் இருந்த ஈயைக் குச்சியால் எடுத்தார். கொட்டுச் சத்தம் தோப்பைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"வயசு?"

"இருபத்தி நாலுங்க."

"கலியாணம் ஆயிருச்சா?"

அவள் கொட்டுச் சத்தம் போன பக்கம் பார்த்தாள். "ஆகலீங்க. வெள்ளிக்கெழம ஆகுமுங்க. நீங்க இன்னுங் கொஞ்சம் மெதுவா எழுதுனீங்கன்னா."

நல்லான் தலையை நிமிர்த்தவில்லை. 'ஆகவில்லை' என்ற சொல்லை எழுத அவருக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. தூரத்தில் கொட்டு உச்சத்துக்குப் போய், சட்டென்று நின்றது. குலவைச் சத்தம் கேட்டது. கம்பம் கிணற்றில் விழுந்துவிட்டது.

"கையெழுத்துப் போடு அம்மிணி," என்றார் நல்லான்.

அன்று மத்தியானம் நூற்றுப் பத்து வீட்டிலும் கடுகு வெடித்தது. நானும் தாளித்த பருப்புக்கு உட்கார்ந்தேன். ஆறு வருஷமாக நினைத்து நினைத்து ஏங்கிய ருசி. ஒரு கவளம் வாயில் போட்டேன், ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது கவளத்துக்கும் தெரியவில்லை. நாக்குத் திரும்பப் பத்து நாள் ஆயிற்று.

வெள்ளிக்கிழமை கல்யாணம் நடந்தது. அடுத்த மாசம் விசாரணை. சாட்சிப் பொருள் எங்கே என்று கேட்ட புது மாஜிஸ்திரேட்டிடம், கிணற்றில் என்றார்கள். வெட்டிய அடிமரத்தையாவது காட்டுங்கள் என்றார். அது தளிர் விட்டிருந்தது. பலகையும் அப்படியே இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவரே ஒப்புக்கொண்டதால் வேறு சாட்சி தேவையில்லை எனச் சொல்லி, முதல் வெட்டு வெட்டியவர் முத்தாத்தாளே என்று தீர்ப்பு எழுதி நூறு ரூபாய் அபராதம் போட்டார். ஆறுமுகசாமி கட்டினான்.

வக்கீல் விஷயம் கேள்விப்பட்டு வீடு தேடி வந்துவிட்டார். "அருமையான கேஸ். சொத்து இல்லை, சாட்சி இல்லை. அப்பீல் போனா கண்ணை மூடிட்டு ஜெயிச்சுடலாம். வெட்டலேன்னு ஒரு வரி எழுதிக் கொடுத்தாப் போதும்."

சாமியப்பன் தறிக்குழியிலிருந்து எழுந்தார். "சரிங்க" வரப்போகிறது என்று நான் காத்திருந்தேன். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"வெட்டலீன்னு எழுதிக் குடுத்த கேடுகெட்டவன் நா ஒருத்தன் போதுமுங்க இந்த ஊட்டுக்கு! எம்புள்ள வெட்டுனாளுங்க! ஊரு பாக்க வெட்டுனாளுங்க! அப்பீலு கிப்பீலுன்னு இன்னொரு தடவ இந்த வாசப்படி ஏறுனீங்கன்னா நடக்கறதே வேறயிங்க!"

வக்கீல் செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் போனார்.

சாமியப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தறிக்கு அடியில் கிடந்த கண்ணாடிச் சட்டத்தை எடுத்து, பழைய தீர்ப்பை உருவிவிட்டு, மகள் பேர் எழுதிய தீர்ப்பை உள்ளே வைத்தார். பழனியாண்டவர் படத்துக்குப் பக்கத்தில் அந்த ஆணி அப்படியே இருந்தது. அதிலேயே மாட்டினார்.